பகல் ஒன்று, தலைநகர் ஒன்று

பாஸ்டனிலிருந்து வெர்மான்ட்டின் தலைநகரான மான்ட்பீலியருக்குக் காரில் சுமார் 3 மணி நேரம். திரும்பி வர இன்னொரு 3. நடுவே பார்க்கவேண்டிய ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 8,074 பேர். அமெரிக்காவிலேயே மக்கள்தொகை குறைந்த மாநிலத் தலைநகர். இதற்கு எதற்கு எக்செல் ஷீட் என்று மனைவி கேட்டார். வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. ஷீட்டில் ஒரு வரி கூட்டினார்.

அவருடைய கவலை சூரியன். டிசம்பர் கடைசியில் அங்கே காலை ஏழரையை ஒட்டி எட்டிப்பார்த்து, மாலை நாலேகாலுக்கெல்லாம் நடையைக் கட்டிவிடும். அரசு ஊழியர்கூட அவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியாது. ஆகவே விடியுமுன் புறப்பாடு என்று முடிவானது. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதற்கு ஷீட்டில் கட்டம் இல்லை.

அடுத்தது டிக்கி. மண்வெட்டி, கம்பளி, பனி தள்ளும் பிரஷ். முன்கண்ணாடி கழுவ உறையாத நீலத் திரவம் ஒரு கேன், உபரியாக இன்னொன்று. இதில் மட்டும் அவரைக் கேலி செய்ய முடியாது. சாலையில் தூவிய உப்பு, முன்னே போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்துக் கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படியும். வெறும் தண்ணீரை நம்பினால் குழாயிலேயே கட்டிவிடும்.

பையனுக்கு ஒரே சந்தேகம்தான். நகர எல்லைக்குள் மெக்டொனால்ட்ஸ் இல்லாத ஒரே மாநிலத் தலைநகர் இது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அப்புறம் அது என்னப்பா தலைநகர்?”

1968-லேயே சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடைசெய்த மாநிலம் அது, வழியெல்லாம் மலையும் மரமும்தான் தெரியும் என்று அப்பா பெருமையாக விளக்கினார். அப்படியானால் அடுத்த பர்கர் எத்தனை மைலில் என்பதும் தெரியாதா என்றான் பையன்.

உண்மையில் அவர் மயங்கிக் கிடந்தது சட்டமன்றத்தின் தங்கக் கூரைமேல் நிற்கும் தானிய தேவதையிடம். 14 அடி, மரச் சிலை. பனியிலும் மழையிலும் நின்றால் மரம் என்ன ஆகும்? உளுத்துத்தான் போகும். முதல் சிலை அப்படிப் போனபோது, 1938-ல், மன்றக் காவல் அதிகாரியான 86 வயது டுவைட் டுவினெல் புதுத் தலையைத் தாமே செதுக்கினார். உடம்பு வேலையைக் கட்டடத் துப்புரவாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். டெண்டர் விட்டிருந்தால் இன்னும் தலை வந்திருக்காது. அதுவும் உளுத்து, 2018-ல் மஹாகனியில் மூன்றாவது தேவதை ஏறினாள். இந்தக் கதை நடந்த கட்டடத்துக்குள் நுழையாமல் வரக்கூடாது என்று அவர் 2 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

“ஏங்க, என்னிக்குப் போறோம்?”

“சனிக்கிழமை.”

“குளிர்காலத்துல சனி, ஞாயிறு உள்ள விடமாட்டாங்களே.”

ஷீட் முழுவதும் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்தது. லீவு கேட்கும்போது, தலைநகரில் கொஞ்சம் வேலை என்றார். “வாஷிங்டனா?” என்று மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மறுக்கவில்லை. வேலை முடிய எத்தனை நாள் ஆகும் என்று மேலாளர் அக்கறையோடு கேட்டபோதுதான் கொஞ்சம் தடுமாறினார்.