‘நோர்மல்’ மான்மியம்

விசுவமடுவில் என்னைப்போல ஆரோக்கியமான பெண் இன்னொருத்தி இருப்பாள் என்று நான் நம்பவில்லை. நானாகச் சொல்லவில்லை, எழுத்தில் இருக்கிறது. இரத்தம் நோர்மல், சீனி நோர்மல், தைரொயிட் நோர்மல், ஈ.சீ.ஜி. நோர்மல். கடன்பட்டு எடுத்த தலை ஸ்கானும் நோர்மல். பதினொரு மாதத்தில் பதினான்கு றிப்போட். கசங்காமல் ஃபைலுக்குள் அடுக்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். எல்லாம் புத்தம்புதிதாய் மினுங்குகின்றன. மயிற்பீலி சூட்டாததுதான் குறை. ஔவை வந்து பார்த்தால் தொண்டைமானின் படைக்கொட்டிலை மறந்துவிடுவாள்.

ஒரு சின்ன விசயம் மட்டும் இருக்கிறது. எழும்பி நின்றால் நிலம் வள்ளம் மாதிரி அசைகிறது. சின்ன விசயம் என்றபடியால் எந்த றிப்போட்டிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

முதலில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் முப்பத்திரண்டாம் கிழமையில் எனக்கு பிறஷர் 170/110. கால் வீங்கி, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அம்புலன்ஸில் ஏற்றினார்கள், வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் ஏற்றினார்கள், வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள், நிற்காத இரத்தத்தை நிற்பாட்டி நாலு பைந்து ஏற்றினார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை. அன்றிரவு அங்கே நின்றவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், இதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். 1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். இன்றைக்கு அது நூறுக்கும் மிகக் கீழே. ஒரு தாய் இறந்தால் எந்த நேரம் பிறஷர் ஏறியது, யார் பார்த்தது, எங்கே தாமதம் என்று பெரியவர்கள் கூடியிருந்து ஆராய்கிறார்கள். நானும் இறந்திருந்தால் என் கொப்பியை ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டியிருப்பார்கள். உயிரோடு வீட்டுக்கு வந்து அந்த மரியாதையைத் தவறவிட்டது என் பிழை.

எங்களூரில் பிள்ளைப்பெறுவுக்கு இரண்டு கணக்கு. 31 ஆம் நாளில் வீட்டில் துடக்குக் கழியும். 42 இல் அரசாங்கத்துக்குக் கழியும். உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட கணக்கு அது, பிள்ளைப்பெறுவால் வந்த சாவைக்கூட 42 நாள் வரைக்கும்தான் முதற்கணக்கில் எழுதுவார்கள். எங்கள் மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டியில் புழுதி குடித்துக்கொண்டு ஒருநாளும் தவறாமல் வந்தவ. கடைசி முறை வந்து, காயத்தைப் பார்த்து, பிள்ளையை நிறுத்து, கொப்பியை நிரப்பிப் போனா. என் தலைச்சுத்துக்கு அறிவு காணாது. தவணைக்குள் வரத் தெரியாமல், அவ போன ஒன்பதாம் நாள் வந்தது.

கிணற்றடியில்தான் வந்தது. கப்பியில் வாளியை இறக்கிக் குனிந்தேன். கீழே தண்ணீரில் வட்டம் போட்டது. தண்ணீர் அடங்கிய பிறகும் வட்டம் அடங்கவில்லை. கிணற்றுக் கட்டு, வாழை, கொடியில் கிடந்த பிள்ளையின் துணிகள் எல்லாம் ஒரு பக்கம் மெல்லச் சரிந்து, திரும்பி வந்து, மறுபடி சரிந்தன. கயிற்றை விட்டுவிட்டுக் கட்டைக் கட்டிப்பிடித்தபடி இருந்துவிட்டேன். வாளி இன்னும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது. அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்குவதென்றால் முதலில் நிலத்தில் இருப்பேன், பிறகுதான் தூக்குவேன். புடவைக்கடைக்குள் போனால் பூப்போட்ட சீலைகள் எல்லாம் நடக்கத் தொடங்கிவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் எதற்கு? எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். ஏ35 வீதியில் விடிய வரும் பஸ். தருமபுரம், முரசுமோட்டை, பரந்தன் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிறேக் போடுவார், பஸ் நிற்கும், நான் நிற்கமாட்டேன். துண்டு எடுத்து, வாங்கில் மூன்று மணித்தியாலம். உள்ளே இரண்டு நிமிசம். அந்த இரண்டு நிமிசத்தின் சிக்கனத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். டொக்டர் நிமிர்ந்து பார்த்து என்னைக் கூச்சப்பட வைக்கவில்லை.

“என்னம்மா செய்யுது?”

“தலைச்சுத்து, டொக்டர். நிண்டா ஆடுது.”

“றிப்போட் எல்லாம் நோர்மல். உங்களுக்கு ஒண்டுமில்லை.”

தலைச்சுத்துக்காரரைப் படுக்க வைத்து ஒருமுறை, எழுப்பி நிறுத்தி ஒருமுறை பிறஷர் பார்க்கலாமாம். தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துச் சட்டென்று சாய்த்துக் கண்மணி துடிக்கிறதா என்று பார்க்கலாமாம். டிக்ஸ், ஹால்பைக் என்று இரண்டு பேர் 1952 இல் எழுதிவைத்த முறை அது. மெசின் வேண்டாம், ஒரு கட்டில் போதும். கட்டில் இருந்தது. அதன்மேல் ஃபைல்கள் படுத்திருந்தன, அவற்றை எழுப்பி என்னைப் படுக்க வைக்கும் அநாகரிகம் அங்கே நடக்கவில்லை. பிள்ளை பெறும்போது நிறைய இரத்தம் போனவளிடம் பால் சுரந்ததா, மாதவிடாய் திரும்பியதா என்று கேட்க வேண்டும், மூளையின் அடியிலுள்ள சுரப்பி அதில் செத்துப்போகலாம் என்று ஷீஹன் என்பவர் 1937 இலேயே எழுதியிருக்கிறார். கேட்டிருந்தால் இரண்டும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வீணாய் ஒரு கேள்வி மிச்சம்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டார்கள். மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று டொக்டர்மாரும் அதே கேள்வி. “சண்டை நேரம் எங்க இருந்தனீங்கள்?”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 2009 இல் எனக்குப் பதின்மூன்று வயது. தை மாதம் இதே ஊரைவிட்டுக் கிழக்கே ஓடினோம். அதற்குப் பிறகு எத்தனையோ கந்தோர், எத்தனையோ படிவம், எத்தனையோ ஆணைக்குழு, ‘பழசைக் கிளறாதேங்கோ’ என்று சொல்லாத மேசை இல்லை. அந்த ஆண்டை ஞாபகத்தில் வைத்திருந்து தானாகக் கேட்டது வெளிநோயாளர் பிரிவு மேசை ஒன்றுதான். வன்னிச் சனத்துக்கு இது ஒரு வசதி. காதிரைச்சலோ நாரிப்பிடிப்போ எதென்றாலும் 2009 இல் கொண்டுபோய்க் கட்டிவிடலாம். “மனசிலதான் அம்மா. யோசிக்காதேங்கோ.” சின்னரிசின் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் தந்தார்கள். யோசிக்காமலிருக்க மட்டும் குளிசை இல்லையாம்.

கனடாவில் தாதியாயிருக்கும் மச்சாள்தான் போனில் வந்து இந்த நிம்மதியைக் கெடுத்தாள். பராணி என்றொரு வியன்னா காது மருத்துவர் இருந்தாராம். காதைக் கழுவும்போது தலைசுற்றுகிறது என்று நோயாளிகள் சொல்ல, தண்ணீர் குளிர்ந்து கிடந்ததாலோ என்று ஒருவர் முறைப்பட, அந்த மனுசன் அதை நம்பிவிட்டார். தண்ணீரைச் சூடாக்கியும் குளிராக்கியும் ஊற்றி ஊற்றிக் கண்ணைப் பார்த்தார். உங்களுக்கு ஒண்டுமில்லை என்று அனுப்பியிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்! கடைசியில் 1914 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தலையில் விழுந்தது. செய்தி வந்தபோது ஆள் ரஷ்யாவில் போர்க்கைதி முகாமில். முகாமில் இருந்தவனையும் தேடி ஏதோ வந்திருக்கிறது, அது அந்தக் காலம்.

அவர் பெயரிலுள்ள சங்கம் 2017 இல் ஒரு தலைச்சுத்துக்கு இலக்கணம் எழுதியதாம். மூன்று மாதத்துக்கு மேல் அநேகமாய் நாள்தோறும் இருக்கும். நின்றால், நடந்தால், கண்முன் நிறைய அசைந்தால் கூடும். ஸ்கானில் தெரியாது, ஏனென்றால் உடைந்தது ஒன்றுமில்லை. ஒருமுறை நிலைதடுமாறிய மூளை காவலைத் தளர்த்தாமலே இருக்கிறது. சண்டை முடிந்தும் எடுக்காத சென்றி மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். பயிற்சியாலும் மருந்தாலும் பலருக்குக் குறையுமாம். “உனக்கு அதுதானோ எண்டு ஆரும் பாத்துத்தான் சொல்ல வேணும்” என்றாள். பார்த்துச் சொல்வது கனடா வழக்கம் போலிருக்கிறது.

வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமி புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைத்திருக்கிறா, நடந்து வருவேன் என்று, என்னுடைய காலால். இவர் மிகவும் நியாயமான மனுசன். “இவ்வளவு காசு குடுத்து ஸ்கான் எடுத்து நோர்மல் எண்டு வந்தபிறகும் உனக்குச் சுத்துது எண்டால், காசுக்கு என்னடி மரியாதை?” என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஸ்கான் கடனுக்குக் கிழமைக் கட்டுக்காசு அறவிட வரும் தம்பி ஒருவனுக்குத்தான் என் நோயில் பூரண நம்பிக்கை. “எழும்பாதேங்கோ அக்கா, படுங்கோ. காசை அண்ணையிட்டக் குடுத்துவிடுங்கோ.”

மகள் போன கிழமை நடக்கத் தொடங்கினாள். சுவரில் ஒரு கை வைத்து, ஒரு அடி, ஒரு ஆட்டம், இன்னொரு அடி. முழு வீடும் கைதட்டுகிறது. நானும் அதே சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போகிறேன். தாயும் பிள்ளையும் நல்லாய் விளையாடுகினம் என்று பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிக்கிறா. அறையிலிருந்து குசினி வரைக்கும் சுவரில் இரண்டு வரி அழுக்கு. ஒன்று முழங்கால் உயரத்தில், மற்றது தோள் உயரத்தில். வருசப்பிறப்புக்கு முதல் வெள்ளை அடிக்க வேணும் என்கிறா மாமி.