ஒண்ணும் ஆகாதுங்!

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் எந்த லேத்துப் பட்டறைக்குள் நுழைந்தாலும் இந்த முதலாளியைப் பார்க்கலாம். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் வெர்னியர். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தே மாடி வீடு கட்டியவர். அளவு ஒரு மயிரிழை கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். காலடியில் தேங்கிக் கிடக்கும் எண்ணெய் மட்டும் கண்ணில் படாது.

மெஷின் வந்து இறங்கிய அன்றே பெல்ட்டை மூடியிருந்த கம்பிக் கூண்டைக் கழற்றிவிட்டார். “அது ஒரே எடைஞ்சலுங்.” கூண்டு இப்போது வாசலில் செம்பருத்திக்கு வேலியாக நிற்கிறது. செடிக்கு இதுவரை ஒரு சேதமும் இல்லை.

முதலுதவிப் பெட்டிக்குள் ஜிஎஸ்டி பில்லும் காலாவதியான தலைவலித் தைலமும். தீயணைப்பு சிலிண்டர், காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. யாருக்காவது கை கிழிந்தால் வேஸ்ட் துணியைச் சுற்றி, ஒரு டீயும் வாங்கித் தருவார். டீக்குக் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். அந்தப் புண்ணியத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

புது எமரி வீலை மாட்டுமுன் மரக்கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்து விழுந்தால் உள்ளே விரிசல். மாட்டிய பிறகும் கவசத்தை மூடி, நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒரு நிமிஷமாவது வெறுமே ஓடவிட வேண்டும். இவருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் சாமிக்கு உடைக்கிற தேங்காயைத்தான் தட்டிப் பார்த்து வாங்குவார். பாதுகாப்புக்கென்று வருஷா வருஷம் தவறாமல் செய்யும் ஒரே செலவு, ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணிக்காய். அதன் துண்டுகளில் தெருவோடு போகிற ஸ்கூட்டர்காரர் சறுக்கி விழுவது தனிக் கணக்கு.

சட்டமும் அவருக்கு அத்துப்படி. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை என்றது 1948ஆம் வருடச் சட்டம். ஆகவே பதிவேட்டில் 9 பேர். பத்தாவதாக டிரில்லிங் போடுகிறவர், “மச்சானுங்க, சும்மா பேசிட்டிருக்க வந்தாருங்.” 2020இல் வந்த புதுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக்கிய சேதி கேட்டதும் மச்சானைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பெரிய மனசு பண்ணினார்.

ஆர்டர் தருகிற கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார் என்றால்தான் பட்டறை கலங்கும். ஒரே ராத்திரியில் ஹெல்மெட், கண்ணாடி, கிளவுஸ் எல்லாம் வந்து இறங்கும். மறுநாள் லேத்தில் நிற்கும் பையன்கூட கிளவுஸோடு நிற்பான். ஆடிட்டர் அலறுவார்: “கழட்டச் சொல்லுங்க! சுத்துற சக்குல கிளவுஸ் மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துரும். கடைசல் சுருளை எடுக்கக் கொக்கி குடுங்க, அதுவும் மெஷினை நிறுத்திட்டு.”

முதலாளி நொந்துபோவார். “போடலீன்னாலும் வையறீங்க, போட்டாலும் வையறீங்க!”

ஆடிட்டர் கார் தெருமுனை திரும்பியதும் கண்ணாடிகளை எண்ணி வாங்கி பீரோவில் பூட்டுவார். கொக்கி மட்டும் வெளியே தங்கிவிடும். பழைய கம்பியில் வளைத்தது, காசு செலவில்லை.

போன தையில் கடன் வாங்கி சிஎன்சி மெஷின் இறக்கினார். கதவு மூடாமல் அது ஓட மறுத்தது. சர்வீஸ் பையனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏனுங் தம்பி, அந்தக் கதவு சென்சாரைக் கொஞ்சம் ஏமாத்தி உட்ருங்களேன். தொறந்துட்டே ஓட்டுனா வேலை வெரசா ஆகுமுங்.”

“கதவைத் தொறந்து ஓட்டுனா ஜாப் தெறிச்சு நெஞ்சுல அடிக்கும்ங்க.”

“ஒண்ணும் ஆகாதுங்.”

“சென்சாரைத் தொட்டா வாரண்டி போயிருமுங்க.”

முதலாளியின் முகம் வெளுத்தது. உள்ளே திரும்பிப் பட்டறையே அதிரக் கத்தினார்:

“டேய்! எவனாச்சும் அந்தக் கதவுல கை வெச்சீங்க, தொலைச்சுப் போடுவேன்!”