மதர் சுப்பீரியருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்



கல்யாணமாகாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த மகளைப் பெற்ற தகப்பனே படியேற்றாத அயர்லாந்தில், கதவைத் திறந்துவிட்ட புண்ணியவதிகள் உங்கள் சபைகளைச் சேர்ந்த கன்னியர்தான். இப்படி வந்த தாய்மார் தங்கிய, 1922 முதல் 1998 வரை இயங்கிய 18 இல்லங்களை அரசின் விசாரணை ஆணையம் ஆராய்ந்தது. தங்கிய தாய்மார் சுமார் 56,000 பேர். அதில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு 18 வயதுகூட நிரம்பவில்லை. ஆகச் சின்னவளுக்கு வயது 12. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தால், 'எந்தப் படுபாவியம்மா இப்படிச் செய்தான்?' என்று கேட்கத் தோன்றும், நம்மைப் போன்ற லௌகீகர்களுக்கு. மடத்துச் சட்டம் சுலபம்: வயிறு யாருடையதோ, பாவமும் அவளுடையதே.

ராஸ்க்ரே ஊரின் ஷான் ராஸ் மடத்துக்கு 1952-இல் பதினெட்டு வயதில் வந்தவர் பிலோமினா லீ. உள்ளே நுழைந்ததும் பெயர் போயிற்று, 'மார்செல்லா' ஆனார். 100 பவுண்டு கட்டினால் பிரசவம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். அது இல்லாத ஏழைக்குச் சலவைக்கூடம். தொட்டியில் துணி துவைத்துக் கருணையின் கடனைத் தீர்க்கலாம். பிள்ளைக்கு மூன்று வயதானபோது அமெரிக்கத் தம்பதியிடம் அனுப்பிவிட்டீர்கள். இனி அவனைத் தேடமாட்டேன் என்று தாயிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டீர்கள்.

தேடாமல் இருப்பாளா? வந்து கேட்டாள், தெரியாது என்றீர்கள். அவனும் தேடினான். ரிபப்ளிகன் கட்சித் தலைமைக்கே வழக்கறிஞராக வளர்ந்து, அட்லாண்டிக்கைக் கடந்து வந்து, என் அம்மா எங்கே என்று அதே வாசலில் நின்று கேட்டான். அவனிடமும் தெரியாது என்றீர்கள். 1995-இல் இறந்தவன், அம்மா என்றாவது வந்து பார்க்கட்டும் என்று அந்த மடத்து வளாகத்திலேயே புதைக்கச் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு மட்டும் இடம் கொடுத்தீர்கள். இரண்டு பக்கமும் வாயைத் திறக்காமல் இருக்க எத்தனை செபமாலை உருட்ட வேண்டியிருந்ததோ!

கார்க் நகரத்துப் பெஸ்பரோவின் பெருமை தனி. அங்கே 1951-இல் வேலைக்குச் சேர்ந்த ஜூன் கோல்டிங் என்ற மருத்துவச்சி பின்னாளில் புத்தகமே எழுதினார். பிரசவ வலிக்கு மருந்து கிடையாது. கிழிந்தாலும் தையல் கிடையாது. 1943-இல் அங்கே பிறந்த, சேர்க்கப்பட்ட குழந்தைகளில் முக்கால்வாசி ஒரு வயதைத் தாண்டவில்லை. மாட்டுத் தொழுவத்தில் இப்படிச் செத்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவார்கள்.

இனி டுவாம். கால்வே மாவட்டத்தில் பான் செகூர் கன்னியர் 1925 முதல் 1961 வரை நடத்திய இல்லம். தலைக்கு இவ்வளவு என்று மாவட்ட நிர்வாகம் பணம் கட்டியது. 796 குழந்தைகள் இறந்தார்கள். எங்கே புதைத்தீர்கள் என்றுதான் உள்ளூர் வரலாறு எழுதிவந்த கேத்தரின் கார்லெஸ் கேட்டார். 2014-இல் செய்தி வெடித்ததும் சபை அமர்த்திய மக்கள் தொடர்பு ஆள் சொன்ன பதில்: அதெல்லாம் பஞ்சகாலத்து எலும்பு. 2017-இல் ஆணையம் தோண்டிப் பார்த்தது. கழிவுநீரோடு தொடர்புள்ள நிலவறைக் கட்டுமானம், 20 அறைகள். 17 அறைகளில் சிசுக்களின் எலும்பு.

புதைப்பது எப்படி என்று தெரியாதவர்களா நீங்கள்? டுவாமை விட்டுக் கிளம்பும்போது, இறந்துபோன உங்கள் கன்னியர் 12 பேரைத் தோண்டியெடுத்து, மரியாதையாக நாக் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தீர்களே. ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. எண்ணிக்கை பிசகவில்லை. பன்னிரண்டு வரை நன்றாகவே எண்ண வந்திருக்கிறது.

உங்களுக்கேற்ற ஆணையம்தான் வாய்த்தது. 2021-இல் வந்த அறிக்கை, முக்கியப் பொறுப்பு பிள்ளையின் தகப்பன்மீதும் குடும்பத்தின்மீதும் என்றது. திருச்சபையோ அரசோ பெண்களை வற்புறுத்தி உள்ளே தள்ளியதற்குச் சான்று இல்லையாம். தேடாமல் இருக்கக் கையெழுத்து வாங்கியது வற்புறுத்தல் ஆகாது போலும். கையெழுத்துப் பயிற்சியாக இருக்கும். அழுதுகொண்டே சாட்சி சொன்ன பெண்களின் ஒலிப்பதிவை ஆணையமே அழித்தது. கூச்சல் எழுந்த பிறகு மாற்றுப் பிரதியிலிருந்து மீட்டார்கள். அரசின் இழப்பீட்டுத் திட்டமும் லேசுப்பட்டதல்ல. ஆறு மாதத்துக்குக் குறைவாக இல்லத்தில் இருந்த குழந்தைக்குக் காசு கிடையாது. ஐந்து மாதத்தில் தாயைப் பிரிந்த சிசுவுக்குத் துக்கம் தெரியாத வயது என்று எந்த வைத்தியன் எழுதிக்கொடுத்தானோ!

நீங்களும் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். ஆளை விடு என்ற தோரணையில் அறிக்கையாகவே கேட்டீர்கள். 2025 ஜூலையில் டுவாமில் முழு அகழாய்வு தொடங்கியிருக்கிறது. உங்களால் முடிந்தால் அங்கே ஒருநாள் வந்து நில்லுங்கள். எலும்பு மேலே வரவரப் பெயரை உரக்க வாசியுங்கள். உங்களிடம் பட்டியல் இல்லையென்றால் கவலை வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் இறப்புப் பதிவை ஒவ்வொன்றாகக் கட்டணம் கட்டி எடுத்து வைத்திருக்கிறார் கார்லெஸ். ஒன்றுக்கு நான்கு யூரோ, தன் கைக்காசு. அதையாவது கொடுத்துவிடுங்கள்.