எட்டுப் போட மறந்த கணக்கு ரீச்சரின் விண்ணப்பம்

கனம் சாரதிப் பரீட்சகர் ஐயா அவர்களுக்கு,

வல்வெட்டித்துறையிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் எழுதிக்கொள்வது. வயது 61. 36 வருடம் கரும்பலகையில் எட்டுப் போட்டவள். உங்கள் மைதானத்தில் ஸ்கூட்டியால் எட்டுப் போடப்போய் இரண்டு தவணையும் கால் ஊன்றியவள். சேலையோடு ஹெல்மெட் போட்டு வந்த அந்த மனுசி நான்தான்.

எழுத்துப் பரீட்சையின் 40 கேள்வியும் என்னை ஒன்றும் செய்யவில்லை. மருத்துவச் சான்றிதழும் கண், காது சரியென்றே சொல்கிறது. எட்டில்தான் பிழை. ஆனால் ஐயா, எங்கள் ஊரில் எந்த ஒழுங்கையும் எட்டு வடிவத்தில் இல்லையே. மதில், மதில் முடிய ஒரு மூடு வளைவு, வளைவில் ஆடு, ஆட்டைத் தேடி வரும் ஆச்சி. தைப்பொங்கல் கிட்டினால், கண்ணை வானத்தில் வைத்தபடி பட்டநூலோடு பின்பக்கமாக ஓடிவரும் இளந்தாரி. ஆச்சி மறித்து, "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்டால் நின்று மூன்று தலைமுறை சொல்லிவிட்டுத் திரும்பக் கிளப்ப வேண்டும். இதற்கெல்லாம் புள்ளி உண்டா?

எனக்கு அனுபவம் இல்லையென்று நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்ப மட்டும் சொட்டுப் பெற்றோல். அந்தச் சொட்டை விட்டது நான், ஓடினது என் மனுசன். இருபது வருடம் பின்னிருக்கையில் ஒருபக்கமாக இருந்து, பின்னால் வந்த லொறியையெல்லாம் பார்த்துச் சொன்ன கண்ணாடியும் நானேதான். இவர் போனபிறகு ஸ்கூட்டியை விற்கச் சொல்லி மகன் கனடாவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது நல்ல விலையும் வந்தது. "விழுந்தால் ஆர் அம்மா பார்க்கிறது?" என்கிறான். விழாமல் இருக்கிறபோது மட்டும் ஆர் பார்க்கிறார்கள்?

இந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலை எங்கள் மாலுமிகள் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அத்திலாந்திக்கில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லி அவர்களை ஒருவரும் மறித்ததாக நான் கேள்விப்படவில்லை. 1971இல் எங்கள் ஊர்க் குமார் ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திப் போய், நீந்தியே திரும்பி வந்தார். நான் கேட்பது நெல்லியடிச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயோடு திரும்பி வர ஒரு அனுமதி. அவ்வளவுதான்.

அடுத்த தவணைக்கு வருகிறேன். நடுவில் கால் ஊன்றினால், ஆடு குறுக்கே வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பின்னிருக்கையிலிருந்து முன்னுக்கு வர விண்ணப்பித்தவள்

பி.கு.: காலை எட்டு மணிக்கே வந்துவிடுவேன். பஸ்ஸில்தான்.