கார்டு வண்டிக்கு ஜோடி தேடுவது எப்படி?

திருப்புலிவனத்தில் உட்கார்ந்துகொண்டு பொம்மை ரயில் சேர்ப்பதில் ஒரு வசதி உண்டு. பக்கத்து ஊரான உத்திரமேரூருக்கே தண்டவாளம் கிடையாது. தப்புக் கண்டுபிடிக்க ஆள் வரமாட்டார். எனக்கு ஒருவர் வந்தார், அது பிறகு.

முதலில் அசலைப் பாருங்கள். பஸ் பிடித்து வாலாஜாபாத் போய் ரயில்வே கேட்டில் நில்லுங்கள். செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் சரக்கு ரயில் வரும்போது எல்லோரும் பெட்டிகளை எண்ணுவார்கள். நீங்கள் கடைசிப் பெட்டிக்காக மட்டும் காத்திருங்கள். காவி நிறத்தில் குட்டையான பெட்டி, இரண்டு முனையிலும் திண்ணை, திண்ணையில் பச்சைக் கொடியோடு கார்டு. 2022-இல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள். பெட்டியின் குலுக்கல் மாறவில்லை.

இனி பொம்மைக்கு அலையுங்கள். நம்ம ஊர் கார்டு வண்டி கேட்டால் கடைக்காரர் கனடா நாட்டு கபூஸை நீட்டுவார். வேலை ஒன்றுதான், அதுவும் சரக்கு ரயிலின் வால். ஆனால் கூரை மேல் கண்ணாடி வைத்த ஒரு சின்ன மாடி இருக்கும். அதில் ஏறி உட்கார்ந்து வண்டி முழுவதையும் நோட்டம் விடுவார்களாம். 1989-க்குப் பிறகு அங்கே கபூஸ் இல்லாமலே ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. வேலையிழந்ததுகள் பொம்மையாகி நம்மிடம் வருகின்றன.

எதை எடுப்பது? வழி உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதிப்படி, கணக்குக் காட்டாதவர் தேர்தலில் நிற்க முடியாது, அவர் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. அதே கண்டிப்போடு இருங்கள். அளவைச் சொல்லாத கடைக்காரரையும், அவர் சிபாரிசு செய்யும் மச்சான் கடையையும் தள்ளுங்கள். அளவு சொல்பவரிடம் எச்.ஓ. கேளுங்கள், அதாவது 87-இல் ஒரு பங்கு. பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம்ம அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் உதைக்கும். அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிறகு அறுவை சிகிச்சை. பிளேடால் மாடியை அறுத்து, ஓட்டையை அட்டையால் மூடி, ஆரஞ்சு நிறத்தின் மேல் காவி பூசுங்கள். சோம்பேறித்தனத்தில் நான் மாடியை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரிட்டயர்டு கார்டு பெரியப்பா வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"மேல என்னடா இது, கோழிக்கூண்டா?"

"மாடி, பெரியப்பா. கனடாவுல கார்டு மேல ஏறி உக்காருவாராம்."

"எங்க வண்டில கக்கூசே கிடையாது. அவனுக்கு மாடி கேக்குதா?"

அன்றைக்கே அறுத்துவிட்டேன். மறுநாள் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தவர், "எல்.வி. பலகை எங்க?" என்றார். கடைசிப் பெட்டி என்பதற்கு அடையாளம் அதுதான். அது கண்ணில் படாவிட்டால், பாதி ரயில் வழியில் அறுந்து நிற்கிறதோ என்று ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போவாராம்.

நகத்தளவு அட்டை போதும். பின்பக்கம் ஒட்டிவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.