28 மஞ்சப்பைகளும் ஓர் ஆணியும்

எங்கள் வீட்டில் 28 மஞ்சப்பைகள் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணினோம். அன்று காலை 28-ஆவது பையை வாங்கி வந்து, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"வீடு முழுக்கப் பை கெடக்கு. எதுக்குங்க இன்னொண்ணு?"

"எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்."

"வீட்டுக்கு வர மட்டும் எப்படி ஞாபகம் இருந்துச்சு?"

எனக்கும் மஞ்சப்பைக்கும் பழைய பகை. சென்னையில் வேலைக்குச் சேர விழுப்புரம் பக்கத்திலிருந்து கிளம்பியபோது அப்பா என் துணிமணிகளை ஒரு மஞ்சப்பையில்தான் போட்டுக் கொடுத்தார். மஞ்சப்பையோடு இறங்கினால் பட்டிக்காடு என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்குமுன் அதைச் சுருட்டி ரெக்ஸின் பைக்குள் திணித்துவிட்டேன். பிறகு 2019 ஜனவரி 1-இல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே அழைத்தது. அன்று வெட்கத்தில் ஒளித்தேன், இன்று மறதியில் விட்டுப் போகிறேன். ஆக மொத்தம் கையில் பை இருந்ததே இல்லை.

28 பைகளில் பாதிக்கு மேல் கல்யாணத் தாம்பூலப் பைகள். அம்மா அவற்றைப் பார்த்தவுடனே வகை பிரித்துவிடுவாள். "இது ரசத்துல உப்பு தூக்கலா இருந்த கல்யாணம். இது பந்தியில எடம் கெடைக்காம நின்னோமே, அது." மீதியில் ஐந்து, கோயம்பேடு சந்தை இயந்திரம் தந்தவை. 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் அந்த இயந்திரத்தை 2022-இல் வைத்தார்கள். என் மறதியை முன்கூட்டியே தெரிந்து வைத்த மாதிரி இருந்தது.

ஒருநாள் தெருமுனைக் கடையில் தக்காளி நிறுத்தாயிற்று. கடைக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு, "பை இருக்கா சார்?" என்றார். 'மனசாட்சி இருக்கா?' என்று கேட்டது போல என் காதில் விழுந்தது. சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினேன். தக்காளி ஹெல்மெட்டுக்குள் போய்விட்டது. தலைக்கு ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டினால் அபராதம். வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். எதிரே வந்த மாடி வீட்டுக்காரர், "என்ன சார், பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றார்.

"இல்ல சார், தக்காளி."

மறுநாள் அலுவலகத்தில் என் தலையிலிருந்து ஒரு கொத்தமல்லி இலையை எடுத்துக் கொடுத்தார்கள். ஓசிக் கொத்தமல்லியும் அதே ஹெல்மெட்டில்தான் வந்திருந்தது.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியில் பசுமைப் படை உறுப்பினர். வீட்டின் சுற்றுச்சூழல் துறையும் அவளிடம்தான். "நம்ம வீட்டுல எந்தெந்தப் பழக்கம் நெலைச்சிருக்குன்னு பாக்கணும்" என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

முதலில் ஆர்.ஓ. வாளி. குடிக்க ஒரு குடம் தண்ணீர் தருவதற்கு ஆர்.ஓ. இயந்திரம் இரண்டு மூன்று குடத்தைக் கழிவாகக் கொட்டும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு நின்றோமே, அப்போதுதான் கழிவுக் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்தோம். இன்றுவரை வீடு துடைக்க அந்தத் தண்ணீர்தான். சீரியல் நேரத்தில் சில நாள் வாளி வழிந்து, சமையலறை தன்னைத் தானே துடைத்துக்கொள்வதும் உண்டு.

அடுத்தது ஏசி. கல்லூரிக்குப் போகும் மகனுக்கு 18 வேண்டும், அம்மாவுக்கு ஏசியே வேண்டாம். 2020 முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில் வைத்தே வருகின்றன. "கம்பெனிக்காரனே 24-ல வச்சு அனுப்பியிருக்கான். வந்த அன்னிக்கே மாத்தறதுக்கு அது என்ன வீட்டுக்கு வந்த மருமகளா?" என்று கேட்டு மனைவி ரிமோட்டை அலமாரியில் பூட்டிவிட்டாள். இப்போது மகன் பனியனோடும் அம்மா கம்பளியோடும் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பால்கனியில் உரத் தொட்டி. காய்கறித் தோல் போடும்போதெல்லாம் மேலே ஒரு பிடி தென்னை நார்த்தூள் போட வேண்டும். தூள் மூட்டை மொட்டை மாடியில் இருந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு பிடித் தூளுக்காக யார் படியேறுவது? ஒரே வாரத்தில் நாற்றம், புழு, மாடி வீட்டுக்காரரின் மௌனம். மகள் ஒரு பழைய டப்பாவில் தூளை நிரப்பித் தொட்டியின் பக்கத்திலேயே வைத்தாள். நாற்றம் போனது, அவரும் பேச ஆரம்பித்தார்.

மகள் பேனாவை மூடினாள். "யாரும் ஞாபகம் வச்சுக்க வேண்டாத பழக்கம்தாம்ப்பா நெலைச்சிருக்கு."

நான் இத்தனை வருடம் மன உறுதி பற்றாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! பற்றாக்குறை ஓர் ஆணிதான். அன்றே வாசல் கதவோரம் அடித்தோம். அதில் மஞ்சப்பை. பைக்குள் வண்டிச் சாவி. பையைத் தொடாமல் வண்டியைத் தொட முடியாது. மிச்சம் 27 பைகளில் பத்தை எடுத்து, கல்யாண வாரியாக மடித்து, அம்மா அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். "பை இருக்கா சார்?" என்று அவர் வாயைத் திறக்குமுன் பட்டென்று உதறி விரித்தேன். தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய் எல்லாம் உள்ளே போயின. பணம் கொடுக்கச் சட்டைப்பையைத் தொட்டேன். பர்ஸ் இல்லை. போன் வீட்டில் சார்ஜில்.

கடைக்காரர் என்னையும் பார்த்தார், பையையும் பார்த்தார்.

"பரவால்ல, நாளைக்குக் குடுங்க சார். மஞ்சப்பை கொண்டாந்துட்டீங்க, சந்தோஷம். மஞ்சக் கடுதாசி மட்டும் குடுத்துடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது ஆணிக்குச் சுத்தியலைத் தேடினேன். வைத்த இடம் மறந்துவிட்டது.