அடுத்த கட்டில் பெரியம்மா

எங்கள் பக்கம் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், அன்றிலிருந்து அவள் வயிறு ஊர்ப் பொதுச்சொத்து. பலசரக்கு வாங்கப் போனால், கடைக்கார அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்து, "பையன்தேன்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுத்தான் சில்லறை தருவார். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து பொட்டிபுரம் வந்து சேர்ந்த எனக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. பப்பாளியைத் தொடாதே. கிரகணத்தில் வெளியே வராதே. கையைத் தூக்கிக் கொடியில் துணி போடாதே. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தால் இரண்டையும் கடைப்பிடிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் வாயைத் திறந்தேன். "அம்மா, ஒரு டூலா வச்சுக்கலாம்னு இருக்கேன்."

டூலா டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஊசி போடமாட்டார், பிரசவம் பார்க்கமாட்டார். வலி எடுத்ததிலிருந்து பிள்ளை கைக்கு வரும்வரை கூடவே இருப்பார். இடுப்பைத் தேய்த்துவிடுவார், மூச்சை இழுத்துவிடச் சொல்லித் தருவார், தண்ணீர் கொடுப்பார். பெருநகரங்களில் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் உண்டு.

"சம்பளமா?" என்றாள் அம்மா. "இடுப்பைத் தேய்ச்சுவிடக் காசு குடுத்து ஆள் வைக்கிறதா? பெரியம்மா இருக்கா, அத்தை இருக்கா, நான் இருக்கேன். நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

நான் புள்ளிவிவரத்தோடுதான் வந்திருந்தேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் நூறு பிரசவத்தில் 64 சிசேரியன்; அரசு ஆஸ்பத்திரிகளில் 36. குவாத்தமாலா நாட்டில் ஓர் ஆய்வு நடத்தி 1980இல் வெளியிட்டார்கள். தனியாகக் கிடந்த பெண்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் வலி. துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தத் துணை யார்? எந்தப் பயிற்சியும் இல்லாத, முன்பின் தெரியாத ஒரு பெண். பிறகு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. கூடவே ஆள் இருந்தால் சிசேரியன் குறைகிறது. அந்த ஆள் டூலாவாக இருந்தால் பலன் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பெரியம்மா சொன்னாள்: "அந்த ஊர்ல யாருக்கும் பெரியம்மா இல்ல போலருக்கு."

டூலா அத்தோடு முடிந்தார். அரசு ஆஸ்பத்திரிதான் என்று முடிவானது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004இலிருந்தே பிரசவ அறைக்குள் ஒரு துணையை விடுகிறார்கள். 2016இல் மத்திய அரசும் நாடு முழுக்க அதை அனுமதித்து, விதிமுறையும் வகுத்தது. ஒரே ஒரு ஆள். எங்கள் வீட்டில் அந்த ஒரு இடத்துக்கு நடந்த போட்டி போல, போடி ஏலக்காய் ஏலத்தில்கூட நடந்திருக்காது.

பிரசவம் கண்ட உறவுக்காரப் பெண்ணுக்கே முன்னுரிமை என்றதும் ஆளாளுக்குத் தகுதியைச் சொல்லத் தொடங்கினார்கள். அத்தைக்கு மூன்று நாள் வலி. அப்பத்தாவுக்கு வலியே தெரியாது. "மேல ஏலத்தோட்டத்து லயத்துலதான் உங்கப்பனைப் பெத்தேன். காலையில காய் எடுத்தேன், மத்தியானம் பெத்தேன்." போன தீபாவளிக்கு இதைச் சொன்னபோது மறுவாரம் வேலைக்குப் போனதாக இருந்தது. இந்த முறை அன்று சாயங்காலமே எடை போட வந்துவிட்டாள்.

நான் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். தொற்றுநோய் இருக்கக் கூடாது. அத்தை இருமலை அடக்கப் பார்த்து, முடியாமல் வெளியேறினாள். சுத்தமான உடை அணிய வேண்டும். "அப்ப நாங்க அழுக்கா?" என்று பொதுவாக ஒரு கொந்தளிப்பு எழுந்து அடங்கியது. முழுநேரமும் கூட இருக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் அம்மா இங்கே கழன்றுகொண்டாள். ஊழியர்களின் வேலையில் தலையிடக் கூடாது. பிரசவ அறையில் இருக்கும் மற்றப் பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது. "வீரபாண்டி கௌமாரி மேல சத்தியம், ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள் பெரியம்மா. எதிர்ப்போரின்றித் தேர்வானாள்.

கணவர் இல்லையா என்று கேட்பீர்கள். மறைப்பு வசதி இருந்தால் கணவரையும் விடலாம் என்று அந்த விதியே சொல்கிறது. ஆனால் என் வீட்டுக்காரரைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரைப் பற்றித் தெரிய வேண்டும். பொட்டிபுரம் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பு வைத்து நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிப்பதாக ஒரு திட்டம்; 2015இல் ஒப்புதல் கிடைத்து, எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுவிட்டது. நியூட்ரினோ நொடிக்குக் கோடானுகோடியாக நம்மை ஊடுருவிப் போகுமாம். எதையும் தொடாது, யாருக்கும் தொந்தரவில்லை, வந்து போனதே தெரியாது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் இப்படித்தான். அதுவும் மறுநாள். சென்னையிலிருந்து போடிக்கு ரயில் வாரத்தில் 3 நாள்தான். பிள்ளை அட்டவணை பார்த்து வரவில்லை.

வலி நடுச்சாமத்தில் எடுத்தது. சூட்டு வலியா, நெச வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சூட்டு வலியென்றால் அடங்கும், நெச வலியென்றால் கூடும். கூடியது. 108 வந்தது. பிரசவ அறை வாசலைத் தாண்டியதும் பெரியம்மாவின் சத்தியம் காலாவதியானது.

"முக்காத. இப்ப முக்கு. இப்படியா முக்குவாக? பால் குடிக்கச் சொன்னேன், கேட்டாளா? எங்க சின்ன மதினிக்கும் இப்படித்தேன், பனிக்குடம் உடைஞ்சு..." சுற்றுவட்டாரத்தில் பிரசவத்தில் தவறிப்போன காரியம் ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு வலிக்கும் ஒரு கதை. வலி நின்றாலும் கதை நிற்காது.

அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பெண். துணைக்கு அவள் மாமியார். தினமும் விடிகாலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே தோட்ட வேலைக்குப் போகிறவர். அவரும் மருமகளுக்கு இதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வீறிட்டுக் கத்தினாள். "எந்த ஊருத்தா?" என்று பெரியம்மா திரும்பினாள். ராசிங்காபுரம். அவ்வளவுதான், என் கட்டிலில் ஆள் இல்லை.

அடுத்த கணம் அந்த மாமியார் என் பக்கத்தில் நின்றார். என் ஜாதகம் அவருக்குத் தெரியாது. நான் பால் குடிக்காதது தெரியாது. பத்தாவதில் கணக்கில் எடுத்த மார்க்கும் தெரியாது. எனவே என்னிடம் பேச அவருக்கு ஒன்றுமில்லை, கைதான் மிச்சம். அந்தக் கை என் இடுப்பை அழுத்தித் தேய்த்தது. "மூச்சை விடு தாயி" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். அங்கே பெரியம்மாவும் பேசாமல் ஒரு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்! பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அவள் வாய் மூடி நான் கண்டதில்லை.

நர்ஸம்மா வந்தார். "யாரு யாரோட ஆளு? அவங்கவங்க கட்டிலுக்குப் போங்க!" போனார்கள். இரண்டு பக்கமும் பாடம் மறுபடி தொடங்கியது. நர்ஸம்மா திரும்பியதும் மறுபடி இடம் மாறினார்கள். அடுத்த முறை அவர் வந்தபோது ஒரு நிமிடம் நின்று கேட்டார். சத்தமே இல்லை. பார்க்காதது போலப் போய்விட்டார்.

விடிவதற்குள் இரண்டு கட்டிலிலும் சுகப்பிரசவம். எனக்குப் பெண் குழந்தை. கடைக்கார அண்ணாச்சி மேல்முறையீடு செய்திருக்கிறார்.

குவாத்தமாலாக்காரர்கள் கண்டுபிடித்தது எனக்கு அந்த அறையில்தான் விளங்கியது. நம் ஊர்ப் பெண்களின் கையில் குறையில்லை. சொந்தம் என்று வந்தால் கை வேலை செய்வதற்கு முன் வாய் வேலை செய்கிறது. உறவில்லாத இடத்தில் அந்தக் கையே டூலாவின் கை. ஆகவே சுகாதாரத் துறைக்கு ஒரு யோசனை: விதியில் அந்தக் கடைசி வரியை மட்டும் திருத்துங்கள். அடுத்த கட்டிலைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தன் கட்டில் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. காலையில் அம்மா அந்த மாமியாருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "ஒங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சேம்மா" என்றாள். "ரெண்டு நாள்" என்றார் அவர், சாதாரணமாக. முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் பெற்றவளுக்குப் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் உதவி உண்டு. ராத்திரி முழுக்க நின்றவருக்கு ஒன்றுமில்லை.

"நெசமாவே கூலி குடுக்கணும்டி இவங்களுக்கெல்லாம்" என்றாள் அம்மா என்னிடம்.

"அதைத்தாம்மா வந்த அன்னைக்கே சொன்னேன்."

பெரியம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "குடுக்கட்டும், குடுக்கட்டும். நான் ரெண்டு கட்டில் பாத்திருக்கேன். எழுதும்போது அதையும் சேத்து எழுது."